அப்பாவின் கல்லில் வெட்டிய வரி

இடது காது கேட்காவிட்டாலும், ஆர் கூப்பிட்டாலும் முதல் ஆளாய் ஓடிப் போகிற என் அப்பாவுக்கு,

நான் யோகம் எழுதுகிறேன், வவுனியாவிலிருந்து. முகாமிலிருந்து எங்களை வெளியே விட்டுக் கொஞ்ச நாளாகிறது. முந்தி என்னோடு படிப்பித்த ஒரு ரீச்சரின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். காலில் பட்ட காயம் ஆறிவிட்டது. கோபம்தான் ஆறவில்லை.

கமலா என்னோடு வரவில்லை அப்பா. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இந்தக் கடிதம் இவ்வளவு பிந்தியது. உங்கள் இளையவள் உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் நான் சொல்லாமலே தெரிந்திருக்கும். அந்த இடத்துக்கும் வருகிறேன். அதற்கு முதல் உங்கள் கட்டடத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

ஓம், உங்கள் பெயரில் இங்கே வவுனியாவில், பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது. மண்வெட்டியும் கையுமாய் வாய்க்கால் வரம்பில் நின்ற மனுசனுக்கு மாடிக் கட்டடம்! கீழே ஆய்வுகூடம், மேலே பிள்ளைகள் இருந்து படிக்க நீளமான மண்டபம். அதைக் கட்டக் காரணமானவர் நீங்கள் எங்களுக்கு ஒருநாளும் பெயர் சொல்லாத ஒரு ஆள். என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் இடம்பெயர்ந்த இடத்தில், மல்லாவியில் ஒரு தகரக் கொட்டிலில் கண்ணை மூடினீர்கள். அதற்குப் பிறகுதான் சண்டை நின்று கண்டி வீதி திறந்தது. நானும் கமலாவும் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து, கூரையில்லாத எங்கள் வீட்டுக்குக் கிடுகு போட்டுக்கொண்டு இருந்தோம். கமலா வயலை ஒருபடியாய்த் துப்புரவாக்கி விதைத்துவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தேன். அந்த நேரம் ஒருநாள் வாசலில் ஒரு வாடகை வான் வந்து நின்றது. அதிலிருந்து வெயிலில் சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கி, "அருலாம்பலம்?" என்று கேட்டாள்.

"அவர் இல்லை. நான் மகள்," என்றேன்.

அவளுடைய கண் கலங்கிப் போயிற்று. தன் பெயர் மார்கரெட் என்றும், ஹாரியின் மகள் என்றும் சொன்னாள். எங்களுக்கு ஹாரியைத் தெரியும் என்று நினைத்துச் சொன்னாள். கமலா என்னைப் பார்த்தாள், நான் கமலாவைப் பார்த்தேன். மார்கழியில் நத்தாருக்கு நத்தார் வரும் வாழ்த்து அட்டையை "பழைய கூட்டாளி ஒருத்தன்" என்று சொல்லி அலுமாரிக்குள் வைப்பீர்களே, அந்தக் கூட்டாளிதான் ஹாரி என்று பிறகுதான் விளங்கியது.

எங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு அப்பா? தந்திக் கந்தோரில் வேலை செய்தீர்கள், யுத்த காலத்தில் வெள்ளைக்காரனின் கப்பலில் தந்தி அடித்தீர்கள், அங்கே காது பழுதாய்ப் போனது. அவ்வளவுதான். கப்பல் என்றால் கடலுக்கு மேலே போகிற கப்பல் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மார்கரெட் கதிரையில் இருந்து கதைக்கக் கதைக்க, நான் கமலாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்தது நீர்மூழ்கிக் கப்பலில். அதில் நீங்கள் ஒருவர்தான் எங்கட நிறம். ஒருநாள் மேலிருந்து எதிரிக் கப்பல் குண்டு போட்டுக்கொண்டிருக்க, கீழே எல்லாரும் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு மூச்சுச் சத்தமும் கேட்காமல் கிடந்திருக்கிறார்கள். ஹாரி மீசை அரும்பாத பெடியன், பயத்தில் கத்தத் தொடங்கியிருக்கிறார். நீங்கள் அவரின் வாயைக் கையால் பொத்தி, தலையை நெஞ்சோடு சேர்த்து அமத்திப் பிடித்துக்கொண்டீர்களாம். கிட்ட ஒரு குண்டு வெடிக்க, மற்றவர்கள் எல்லாரும் தங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். உங்களுடைய இரண்டு கையும் ஹாரியிடம் இருந்தது. அப்படித்தான் உங்கள் காது போனது.

கமலா அழுதாள். எனக்குப் பெருமையாய் இருந்தது. மார்கரெட் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

காது போனதால் உங்களைக் கரைக்கு எடுத்து, புலனாய்வு அதிகாரியாக்கிக் கொழும்பில் ஒரு நிலையத்தில் இருத்தினார்கள். மிஞ்சிய காதில் கருவியை மாட்டி எதிரியின் செய்திகளைக் கேட்டு எழுதுவது வேலை. ஒருநாள் நீங்கள் எழுதிய செய்தியில் ஒரு யப்பான் கப்பல் போகும் பாதை இருந்தது. நீங்கள் சரியாய்க் கேட்டீர்கள், சரியாய் எழுதினீர்கள், மேலே கொடுத்தீர்கள். அதை அடிக்கப் போனது உங்கள் பழைய நீர்மூழ்கிதான். ஹாரி அதில் இருந்தார்.

அந்த யப்பான் கப்பலின் அடித்தட்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன கூலியாட்கள் இருந்திருக்கிறார்கள். கப்பல் தாழ, தண்ணீருக்குள் கிடந்து "ஐயோ, அம்மா" என்று கத்தினார்களாம். ஹாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த இரண்டு சொல்லும் தெரியும். காலில் இரும்பு இடித்தாலும் நீங்கள் அதைத்தானே சொல்லுவீர்கள்.

அடுத்த விடுமுறைக்கு அவர் கொழும்புக்கு வந்து உங்களிடம் சொல்லிவிட்டார்: "அவர்கள் உன்னுடைய மொழியில் கத்தினார்கள்." ஏன் சொன்னேன் என்று சாகும்வரைக்கும் வருந்திக்கொண்டிருந்தாராம்.

மார்கரெட் சொல்லி முடித்தபோது நான் கமலாவுக்கு அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, சொல்லன்," என்று கையைப் பிடித்து உலுப்பினாள். சொன்னேன். அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தால் தேத்தண்ணியோடு வந்து, "அதுதான் அப்பா வீட்டில றேடியோ வைக்க விடேல்லை," என்று மட்டும் சொன்னாள்.

ஊரெல்லாம் செய்தி கேட்கிற காலத்தில் எங்கள் வீட்டில் மட்டும் றேடியோ இல்லை. ஆர் வீட்டில் "ஐயோ" என்று சத்தம் கேட்டாலும் வரம்பில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவீர்கள். பாம்பு கடித்ததோ, புருசன் பெண்சாதி சண்டையோ, ஓடுவீர்கள். "இந்த மனுசனுக்கு வீட்டை விட ஊர்த் துளவாரம்தான் பெரிசு," என்று அம்மா ஏசுவா. அம்மாவுக்காவது சொன்னீர்களா? ஒரு வெள்ளைக்காரன் தன் மகளுக்குச் சொல்லிவிட்டுப் போன கதையை, நீங்கள் ஏன் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை?

ஹாரி தன் சொத்தில் ஒரு பங்கைக் கட்டடத்துக்கென்று எழுதி வைத்துவிட்டுச் செத்திருந்தார். உங்கள் வயலுக்குக் கிட்ட இருக்கிற பல்கலைக்கழகத்தில் கட்டவேண்டும் என்றும், உங்கள் பெயருக்குக் கீழே நீங்கள் செய்த இரண்டு வேலையையும் எழுதவேண்டும் என்றும் கேட்டிருந்தார். "ஒன்றை விட்டுவிட்டால் மற்றதும் பொய்யாகிவிடும்," என்று மகளிடம் சொன்னாராம். அவர் கேட்டது அது ஒன்றுதான் அப்பா. அது ஒன்றுதான் நடக்கவில்லை.

முதலில் எல்லாம் நன்றாய்த்தான் போனது. அத்திவாரம் போட்டார்கள், சுவர் எழும்பியது. நான் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கமும் பையைத் திறந்து காட்டிக் காட்டிக் கூட்டங்களுக்குப் போய் வந்தேன். கறுப்புக் கல்லில் எழுத்தும் வெட்டியாகிவிட்டது: "நீர்மூழ்கிக் கப்பல் வீரரும் போர்க்காலப் புலனாய்வு அதிகாரியுமான திரு. சி. அருளம்பலம் நினைவாக." நான் தடவிப் பார்த்தேன். எழுத்து ஆழமாய், வடிவாய் இருந்தது.

பிறகு தலைவர் என்னைக் கூப்பிட்டார். கட்டடக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பேராசிரியர், நல்ல மனுசன், உரத்துக் கதைக்கத் தெரியாதவர்.

"ரீச்சர், ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுவம்," என்றார்.

"எந்தச் சொல்லு?"

அவர் வாயால் சொல்லவில்லை. கடதாசியில் பேனையை வைத்துக் காட்டினார். புலனாய்வு.

"சேர், அது இரண்டாம் உலக யுத்தம். வெள்ளைக்காரன்ர காலம்."

"எனக்குத் தெரியும். வீதியால போறவன் கல்லில ஆண்டு பார்த்தே வாசிக்கப் போறான்? இந்த ஊரில அந்தச் சொல்லுக்கு ஆக்கள் சுடப்பட்டிருக்கினம். ஆர் சுட்டது எண்டு கேட்கவும் பயம். நாளைக்குப் பிள்ளையள் அந்த வாசலாலதான் போய் வரவேணும்."

"அப்ப நீர்மூழ்கி?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும்தான். கடலுக்குக் கீழ போற எதைச் சொன்னாலும் இப்ப ஒரு பக்கம் சந்தேகப்படும், மற்றப் பக்கம் சொந்தம் கொண்டாடும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த மாதமே கிளிநொச்சியில் இயக்கத் தம்பி ஒருவன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, தமிழனின் கடல் வீரத்துக்கு நீங்கள்தான் முன்னோடி என்று ஒரு விழாவில் வந்து பேசச் சொல்லிக் கேட்டான். கூலியாட்களின் கதையையும் சேர்த்துப் பேசலாமா என்று கேட்டேன். அவன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, "அது வேண்டாம் அக்கா," என்று போய்விட்டான். வீரம் வேண்டியவனுக்கு அந்தக் கப்பல் வேண்டாம். பயந்தவனுக்கு ஒன்றுமே வேண்டாம். உங்களை முழுசாய் எடுக்க ஒருவரும் இல்லை.

திறப்பு விழாவுக்கு மார்கரெட் வந்தாள். திரையை விலக்கினால் புதிய கல். அதில் உங்கள் பெயர், அதற்குக் கீழே "சமூக சேவையாளர், கல்வி அபிமானி". கல்வி அபிமானியாம்! எட்டாம் வகுப்புக் கணக்குக்கு உதவி கேட்டால் "போய்க் கொம்மாவைக் கேள்" என்ற மனுசன்.

எல்லாரும் கைதட்ட மார்கரெட்டும் தட்டினாள். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, "அப்பா கேட்டதை எழுதியிருக்கிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். அவள் தட்டின கையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நீ வாசிக்கத் தெரிந்தவள். நீ ஏன் விட்டாய்?" என்றாள். நான் எத்தனை தரம் ஓமந்தை தாண்டி வந்து சண்டை பிடித்தேன் என்று அவளுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துவது? அவள் சாப்பாட்டுக்கும் நிற்காமல் போய்விட்டாள். சில மாதத்தில் பாதையும் பூட்டுப்பட்டது.

இனிக் கமலாவின் கதை.

சண்டை கிளிநொச்சிக்கு வர, நாங்களும் எல்லாரையும் போல் வெளிக்கிட்டோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சாமானை விட்டுவிட்டு, கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் சீலைகளில் மண்ணை நிரப்பி அடுக்கிப் பதுங்குகுழிக்குள் இருந்தோம். எங்களுக்குப் பக்கத்துக் குழியில் இருந்தவர்கள் ஆரென்று தெரியாது. அவர்களில் ஒருவன் வோக்கி-டோக்கியில் கதைத்துக்கொண்டிருந்தான். கமலா அவனிடம் போய், "தம்பி, இஞ்ச சின்னப் பிள்ளையள் இருக்கினம், அங்கால போய்க் கதையுங்கோ," என்று கேட்டாள். அவன் போகிறேன் என்றுதான் சொன்னான்.

அவள் திரும்பி வந்து கஞ்சிக்கு அடுப்பு மூட்டக் குனிந்தாள். முதல் ஷெல் தள்ளி விழுந்தது. அடுத்தது கிட்ட. அங்கால ஒரு குழியில் "ஐயோ" என்று சத்தம் கேட்டது. உங்கள் மகள்தானே, எழும்பி அந்தப் பக்கம் ஓடினாள். நான் சீலையைப் பிடித்து இழுத்தேன், அகப்படவில்லை. மூன்றாவது ஷெல் அவள் ஓடின இடத்தில் விழுந்தது.

நானும் இன்னும் இரண்டு பேருமாய் அவளை அந்த மணலிலேயே தாட்டோம். பக்கத்தில் நின்ற ஒரு ஐயா சொன்னார்: "வோக்கியில கதைச்சதைக் கேட்டுத்தான், பிள்ளை, அடிச்சவங்கள்."

அது உண்மையோ என்று எனக்குத் தெரியாது. அங்கே எல்லா இடமும்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய் இருந்துகொண்டது. எங்கேயோ ஒரு அறையில் ஒருவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்திருப்பான். சரியாய்க் கேட்டு, சரியாய் எழுதி, மேலே கொடுத்திருப்பான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். அப்படி நினைக்கும்போது அவன் முகத்துக்கு உங்கள் முகம் வந்தது. மண் ஒட்டின கையோடு உங்களை நான் வெறுத்தேன் அப்பா. இப்போதும் முழுக்க விட்டுப் போனது என்று சொல்லமாட்டேன்.

பிறகு பஸ்களில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவராய் விசாரித்தார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்க, றிஸ்வான் என்ற பெடியன் தமிழில் சொன்னான். என் முறை வந்தபோது தகப்பனின் வேலை என்ன என்று கேட்டார்கள்.

"செத்துப்போனார்," என்றேன்.

"இருக்கேக்க என்ன வேலை, அம்மா?"

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. "நீர்மூழ்கிக் கப்பலில இருந்தவர். பிறகு புலனாய்வு அதிகாரி. வெள்ளைக்காரன்ர யுத்தத்தில," என்றேன்.

றிஸ்வான் என்னைப் பார்த்தான். அதிகாரியின் பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னான்: "கொவியா." அந்தளவு சிங்களம் எனக்கும் தெரியும். கமக்காரன், வயல் செய்கிறவன். அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த நாள் தண்ணி கொண்டுவரும் பவுசர் லொறிக்குக் கிட்ட அவன் என்னிடம் வந்தான். "கோவிக்காதேங்கோ அம்மா. நாங்களும் தண்ணியூற்று ஆக்கள்தான், சின்னனில எங்களை அங்கயிருந்து துரத்த, புத்தளத்துக்குப் போய் வளர்ந்தனான். நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லியிருந்தா உங்களை மற்ற வரிசைக்கு அனுப்பியிருப்பினம். அந்த வரிசையில போனவை ஒருத்தரும் திரும்பி வந்து நான் காணேல்லை."

"என்ர அப்பா அதுதானே தம்பி. நான் என்ன பொய்யே சொன்னனான்?"

"கமம் செய்தவர்தானே?"

"செய்தவர்."

"அப்ப நானும் பொய் சொல்லேல்லை," என்று என் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவனுக்கு நன்றி சொல்லவா, ஏசவா? அவன் பின்னால் நடந்தேன்.

வெளியே விட்டதும் நான் முதலில் போனது உங்கள் கட்டடத்துக்குத்தான். சண்டை நேரம் அங்கேயும் சனத்தை வைத்திருந்திருக்கிறார்கள். மேல் மண்டபத்தில் சீலை கட்டிப் பிரித்துக் குடும்பம் குடும்பமாய் இருந்தார்களாம். இப்போது வெள்ளையடித்துவிட்டார்கள். கல்வி அபிமானிக் கல்லும் சுவரில் இல்லை. அது இருந்த ஆணியில் வகுப்பு நேரசூசி தொங்குகிறது.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தண்ணிக் குழாயடியில் ஒரு கறுப்புக் கல் கிடந்தது. அங்கிருந்த பெண்கள் அதில் உடுப்புத் தோய்த்திருக்கிறார்கள். சவர்க்காரம் வெள்ளையாய்ப் படிந்து கிடந்தது. காலால் தேய்த்தேன், பிறகு குந்தியிருந்து கையால் தேய்த்தேன். "அதிகாரியுமான" என்ற சொல் வந்தது. மிச்சத்தையும் தேய்த்து எடுத்தேன். அழிக்கச் சொன்ன அந்தக் கல்லை ஒருவரும் அழிக்கவில்லை, வாசிக்கவுமில்லை. தோய்த்த பெண்களில் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு ஒரு கல் தேவைப்பட்டது.

ஈரக் கையோடு தலைவரிடம் போனேன். அவர் எழும்பி நின்றார். மெலிந்து, தலை முழுக்க நரைத்துப் போயிருந்தார். கமலாவைக் கேட்டார், சொன்னேன். ஒரு கதிரையை என் பக்கம் இழுத்துவிட்டார்.

"சேர், அந்தக் கல்லைத் திரும்ப வையுங்கோ," என்றேன்.

"ரீச்சர், இப்பவோ? முந்தியிலும் மோசமான நேரம். எங்கட பெடியன் ஒருத்தன் பஸ்சால இறங்கினவன், வாசலுக்கு வந்து சேரேல்லை. தாய் இன்னும் வந்து போறா."

"முந்தி நான் பெருமைக்குக் கேட்டனான். இப்ப அதுக்கில்லை. அதுக்குக் கீழ இன்னொரு வரியும் வேணும்."

"என்ன வரி?"

சொன்னேன். "தான் கேட்டு எழுதியதால் கடலில் இறந்த ஏழைகளை ஒருநாளும் மறக்காதவர்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். யன்னலுக்கு வெளியே பிள்ளைகள் புத்தகத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த வரியை எந்தக் காலத்தில, எந்தச் சுவரில ரீச்சர் எழுதலாம்?"

அவர் தேத்தண்ணி வரச் சொன்னார், நான் குடிக்காமல் வந்துவிட்டேன். வரும் வழி முழுக்க எனக்குள் ஏசிக்கொண்டே வந்தேன்: அவரை, அந்தச் சுவரை, ஹாரியை, வோக்கிக்காரனை, உங்களை.

சுவர் கிடைக்காதபடியால் நாலு பேர் வாசிக்க இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டேன். என் அப்பா நீர்மூழ்கியில் இருந்தார். புலனாய்வு அதிகாரியாய் இருந்தார். ஒரு பெடியனின் உயிரைக் கையால் பொத்திக் காப்பாற்றினார். முகம் தெரியாத சனம் சாகக் காரணமாயும் இருந்தார். செய்தது அவருக்குத் தெரியும், மிச்ச வாழ்நாள் முழுக்கத் தெரியும். கமலாவைக் கொன்றவனுக்கும் ஒருநாள் தெரியவேண்டும் என்பதுதான் என் ஆசை. அவன் சாகவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கந்தோருக்கு நான் திரும்பத் திரும்பப் போவேன். இந்தத் தலைவர் போய் வேறு தலைவர் வந்தாலும் போவேன். தடி ஊன்றி நடக்கிற காலத்திலும் போய் அந்த இரண்டு வரியையும் கேட்பேன்.

நீங்களும் எனக்கு ஒன்று செய்யவேண்டும். கமலா அங்கே வந்தால் அவளைப் பக்கத்தில் இருத்தி, அந்தக் கப்பலின் கதையை உங்கள் வாயாலே சொல்லுங்கோ. அவளுக்குத் தெரியும், ஆனாலும் நீங்கள் சொல்லுங்கோ. அவள் கோபிக்கமாட்டாள். கோபிக்கிற பிள்ளை நான்தான், நான் இன்னும் இஞ்சதான் இருக்கிறேன்.

உங்களோடு சண்டை தீராத,
உங்கள் மூத்த மகள்
யோகம்